அமெரிக்காவில் சிகானோ, லத்தீனோ ஆய்வுகள் படிக்க: ஆவணம், செலவு, காலக்கெடு

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டிகள் தமிழில் ஏராளம். பெரும்பாலும் எம்எஸ் கம்ப்யூட்டர் சயின்ஸை மனதில் வைத்து எழுதியவை. சிகானோ ஆய்வுகளுக்கு (அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிவந்தவர்களைப் பற்றிய படிப்பு) அவற்றை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் பாதி வழியில் முட்டி நிற்பீர்கள். கன்சல்டன்சிக்காரர்களோ துறையின் பெயரைக் கேட்டதுமே “பிசினஸ் அனலிட்டிக்ஸ் பாருங்களேன்” என்பார்கள். நானும் எல்லாவற்றையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கித்தான் விண்ணப்பித்தேன். ஆங்கில இலக்கியம், வரலாறு, சமூகவியல் எம்ஏ முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பணம் யார் தருகிறார்கள் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர், தரவரிசை எல்லாம் அப்புறம்.

1. சரியான துறையைத் தேடுங்கள்

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, போர்ட்டோ ரிக்கோ, கியூபா வழிவந்து அமெரிக்காவில் வாழும் மக்களைப் பற்றிய படிப்பு இது. 2020 கணக்கெடுப்பின்படி அவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். லத்தீன் அமெரிக்க ஆய்வுகள் என்பது வேறு துறை. பிரேசில், பெரு போன்ற நாடுகளைப் பற்றியது. தேடுபொறி இரண்டையும் கலந்து காட்டும். அதை நம்பித் தவறான துறைக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு.

துறைக்கு ஊருக்கு ஒரு பெயர் என்பதால் எல்லாப் பெயர்களிலும் தேட வேண்டும். முனைவர் பட்டம் வரை போகக்கூடிய இடங்களில் முக்கியமானவை இவை: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் (இந்தத் துறையில் முதல் பிஎச்டி இங்கேதான் தொடங்கியது), அதே பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏ-வின் சிகானா/சிகானோ, மத்திய அமெரிக்க ஆய்வுத் துறை, அரிசோனா பல்கலைக்கழகத்தின் மெக்சிகன் அமெரிக்கன் ஆய்வுத் துறை, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட். பெர்க்லியிலும் சான் டியேகோவிலும் எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழு ஆய்வுகள்) என்ற பெரிய குடைக்குள் இதே ஆய்வைச் செய்யலாம். எம்ஏ மட்டும் போதுமென்றால் கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம், இது வேறு அமைப்பு) வளாகங்களைப் பாருங்கள்: நார்த்ரிட்ஜ், லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஸ்டேட், சான் ஹோசே ஸ்டேட். 1969-இல் தொடங்கிய நார்த்ரிட்ஜ் துறைதான் நாட்டிலேயே பெரியது. போர்ட்டோ ரிக்கர்களைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்றால் கலிபோர்னியாவை விட்டுவிட்டு நியூயார்க் பக்கம் திரும்புங்கள். அங்கே ஹண்டர் கல்லூரியில் 1973 முதல் இயங்கும் ஆய்வு மையமும் அதன் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன.

டெக்சஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பென்சன் நூலகம் இந்தத் துறையின் பெரும் சொத்து. அதைக் காட்டியே பலரும் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் அந்த மாநிலத்தில் 2025-இல் வந்த எஸ்பி 37 சட்டம் பாடத்திட்டத்தின் மீதான அதிகாரத்தை நிர்வாகக் குழுக்களின் கைக்கு நகர்த்தியிருக்கிறது. டெக்சஸுக்கு விண்ணப்பிக்கும் முன், துறை அதே பெயரில், அதே வடிவில் தொடர்கிறதா என்று துறை அலுவலகத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பொதுவாகவே 2025 முதல் பல பல்கலைக்கழகங்கள் கலைத்துறை பிஎச்டி சேர்க்கையைக் குறைத்தோ ஒரு வருடம் நிறுத்தியோ வைத்திருக்கின்றன. “இந்த ஆண்டு சேர்க்கை உண்டா, வெளிநாட்டு மாணவர்களுக்கு முழு உதவித்தொகை உண்டா” என்று இரண்டு வரியில் கேட்டால் போதும், பதில் வரும். அது வராமல் கட்டணம் கட்டாதீர்கள்.

2. எம்ஏவா, பிஎச்டியா, குறுகிய ஆய்வுப் பயணமா

மூன்று வழிகள் உண்டு, மூன்றுக்கும் கணக்கு வேறு.

கால் ஸ்டேட் எம்ஏவில் இடம் கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது, பணம் கிடைப்பது அரிது. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால் லாஸ் ஏஞ்சலஸில் ஆண்டுக்கு 30,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். நம் வங்கிகள் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். கலைப் படிப்பு என்று தெரிந்தால் மேலாளர் முகம் இன்னும் சுருங்கும்.

இதில் பலரும் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு உங்களுக்குக் கிடையாது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பெரும்பாலும் 05.0203 என்ற பாடக் குறியீடு இருக்கும்; அது நீட்டிப்புப் பட்டியலில் இல்லை. “ரெண்டு வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைச்சிடலாம்” என்று உறவினர் யாராவது சொன்னால், அவர் சொல்வது அவர் மகனின் படிப்புக்குப் பொருந்தும்.

பிஎச்டியில் நிலைமை தலைகீழ். இடம் மிகக் குறைவு. ஆனால் கிடைத்தால் கல்விக் கட்டணமும் காப்பீடும் ஊதியமும் சேர்ந்தே வரும். இந்தியாவில் எம்ஏ முடித்துவிட்டவர்கள், கையில் பணம் இல்லையென்றால், அங்கே இன்னொரு எம்ஏவுக்குக் கடன் வாங்குவதைவிட ஒரு வருடம் காத்திருந்து பிஎச்டிக்கு நன்றாக விண்ணப்பிப்பதே மேல் என்பது என் கருத்து.

மூன்றாவது வழி, இங்கேயே ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டிக்குப் பதிவு செய்துகொண்டு ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகையில் 6 முதல் 9 மாதம் அங்கே போய்க் காப்பகங்களில் வேலை செய்வது. ஆங்கிலத் துறைகளில் சிகானோ இலக்கியத்தை எடுத்து ஆய்வு செய்கிறவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் தெரிந்து போங்கள்: அது ஜே-1 என்ற பரிமாற்ற விசா, முடிந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். அதை நிறைவு செய்யாமல் எச்-1பி வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ போக முடியாது.

அரசு உதவித்தொகைகளும் உண்டு. பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை 2022-இல் விலக்கிவிட்டார்கள். சிகானோ ஆய்வு அந்த விலக்கில் வராது. ஆனால் “தலித் - சிகானோ ஒப்பீடு” என்று தலைப்பு வைத்தால் சிக்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்விக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது. இரண்டிலும் எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு குடும்ப வருமானம் என்ற நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் படித்துவிட்டு இறங்குங்கள்.

3. காலண்டர்

பிஎச்டிக் கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடியும். முடிவு பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன்பே முடிவு சொல்லச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் இந்தத் தேதியைச் சொல்லிப் பணிவாக நேரம் கேளுங்கள்.

பின்னோக்கி எண்ணினால், டிசம்பரில் விண்ணப்பிக்க அதற்கு முந்தைய கோடையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். மே, ஜூனில் டிரான்ஸ்கிரிப்டுக்கு (அதிகாரபூர்வமான முழு மதிப்பெண் ஆவணம்) மனுப் போடுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் ஆங்கிலத் தேர்வு. செப்டம்பரில் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல். அக்டோபர், நவம்பர் முழுக்க எழுத்து வேலை. அரசு உதவித்தொகைகளுக்குக் கெடு தனி.

4. சான்றிதழ்களும் பெயரும்

இனி வருவது சலிப்பான பகுதி. ஆனால் விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

முதலில் பெயர். நம்மில் பலருடைய மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகிவிடும். அப்புறம் வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பட்டியல் என்று எல்லா இடத்திலும் அதுதான் உங்கள் பெயர். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பும்படி திருத்திக்கொண்டு, எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட் பெயரையே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் வேறுமாதிரி இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிரான்ஸ்கிரிப்ட். செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் நகலை இணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தின்போது ஸ்கேன் போதும்; இடம் கிடைத்தபின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட, ஒட்டிய உறையில் வைத்த பிரதி கேட்பார்கள். கல்லூரி தன்னாட்சியா, பல்கலைக்கழக இணைப்பா என்பதைப் பொறுத்து யாரிடம் மனுக் கொடுப்பது என்பது மாறும். நான் படித்த இடத்தில் ஒரு கவுன்டரில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வேலை நடந்தது செலான் எண்ணோடு எழுத்துபூர்வமாக மனுக் கொடுத்த பிறகுதான். ஒரே தடவையில் ஐந்தாறு உறைகளாக வாங்கிவிடுங்கள். பட்டமளிப்பு விழா தள்ளிப்போயிருந்தால் புரவிஷனல் சான்றிதழ் போதுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டு பிஏ மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதை அவர்களுடைய நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை. கூடவே இரண்டாண்டு எம்ஏ இருந்தால் பிரச்சினை தீரும். சில இடங்கள் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்கும். அதற்குத் தனிக் கட்டணம், பல வாரக் காத்திருப்பு. கேட்காத இடத்துக்கு அதை எடுக்க வேண்டியதில்லை.

5. ஆங்கிலம், ஸ்பானிஷ்

டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ், இரண்டில் ஒன்று போதும். இரண்டும் இந்தியாவில் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் வரும், மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். ஐஇஎல்டிஎஸ்-இல் 7 இருந்தால் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்குக் கவலை இல்லை. ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் சான்றிதழைச் சில இடங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஒரே பல்கலைக்கழக அமைப்புக்குள்ளேயே வளாகத்துக்கு வளாகம் விதி மாறும். பேச்சுப் பகுதி மதிப்பெண்ணைக் குறைவாக நினைக்காதீர்கள்: யுசிஎல்ஏ போன்ற இடங்களில் வெளிநாட்டு மாணவர் வகுப்பெடுக்கும் உதவியாளராக வேண்டுமானால் தனியாக வாய்மொழித் தேர்வு உண்டு, உங்கள் ஊதியமே அதில் தொங்குகிறது. ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வை இந்தத் துறைகளில் பெரும்பாலும் கேட்பதில்லை. துறைப் பக்கத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

ஸ்பானிஷ் தெரியாமல் விண்ணப்பிக்கலாமா? எம்ஏவுக்கு விண்ணப்பிக்கலாம். பிஎச்டிக்கு, தெரியாமல் போனால் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். வாய்மொழி வரலாறு, குடும்பக் கடிதங்கள், பழைய செய்தித்தாள்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாவற்றிலும் இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும். ஆரம்பிக்க ஒன்றரை வருட அவகாசமாவது கொடுங்கள். செர்வாண்டெஸ் நிறுவனத்தின் கிளை டெல்லியில் இருக்கிறது, இணைய வகுப்பும் நடத்துகிறார்கள். அவர்களுடைய டெலே தேர்வில் பி1 அளவு முடித்துச் சான்றிதழை இணைத்தால், விண்ணப்பத்தில் அது தனியாகத் தெரியும். செயலியில் விளையாட்டாகக் கற்றதை அறிக்கையில் எழுத வேண்டாம்.

6. நோக்க அறிக்கை, எழுத்து மாதிரி, பரிந்துரை

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு அறிக்கை கேட்பார்கள். ஒன்று ஆய்வு நோக்கம், மற்றது உங்கள் வாழ்க்கைப் பின்னணி. இரண்டிலும் ஒரே கதையை எழுதுவது பரவலான தவறு.

இந்தத் துறை மாணவர் போராட்டத்திலும் பண்ணைத் தொழிலாளர் போராட்டத்திலும் பிறந்தது. அதில் இருப்பவர்களில் பலருக்கு இது தங்கள் வீட்டுக் கதை. ஆகவே “தமிழ்நாட்டிலிருந்து நீ ஏன் இதைப் படிக்க வருகிறாய்” என்று விண்ணப்பத்தைப் படிப்பவர் கேட்பது நியாயம்தான். நம் ஆட்கள் இதற்குத் தயாராக வைத்திருக்கும் பதில் ஒப்பீடு: அங்கே எல்லை, இங்கே சாதி, அங்கே திராட்சைத் தோட்டம், இங்கே தேயிலைத் தோட்டம். இரண்டு பக்கத்துக்கு மேல் நிற்காத ஒப்பீடுகள் இவை. படித்துப் படித்து அவர்களுக்கும் அலுத்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு வாருங்கள். 1965-இல் கலிபோர்னியாவின் டெலானோவில் தொடங்கிய திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளர்களும் மெக்சிகன் தொழிலாளர்களும் ஒரே சங்கத்துக்குள் எப்படிச் சேர்ந்தார்கள், மொழி வேறான கூட்டங்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால், அது ஆய்வு. அதற்கான ஆதாரம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். சாந்தா பார்பராவின் பல்லினக் காப்பகமான சேமா, யுசிஎல்ஏ-வின் சிகானோ ஆய்வு மையம் இரண்டும் தங்கள் சேகரிப்புகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், காசு கிடையாது.

பேராசிரியர்களுக்கு எழுதும்போது அவர்களுடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்” என்ற தொனி அங்கே எடுபடாது. ஐந்தாறு வரி, ஒரு கேள்வி, புதிய மாணவர்களை இந்த ஆண்டு எடுக்கிறாரா என்ற விசாரிப்பு, அவ்வளவுதான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

எழுத்து மாதிரியாக எம்ஏ ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தை அப்படியே வெட்டி அனுப்பாதீர்கள். 15 முதல் 25 பக்கத்துக்குள், தனியாகப் படித்தால் புரிகிற கட்டுரையாகத் திருத்துங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். நம் பேராசிரியர்கள் “நீயே எழுதிக் கொண்டு வா” என்பார்கள். மூன்றையும் நீங்களே எழுதினால் மூன்றிலும் ஒரே நடை தெரியும், படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் செய்த வேலைகளின் குறிப்புகளை ஒரு பக்கத்தில் கொடுங்கள், அவர் எழுதட்டும். அவருடைய கல்லூரி மின்னஞ்சல் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். ஜிமெயில் முகவரியைச் சில தளங்கள் சந்தேகத்தோடு பார்க்கும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு தேதியை அவரிடம் சொல்லி வையுங்கள்.

7. விண்ணப்பச் செலவு

கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்கு வெளிநாட்டு விண்ணப்பதாரர் கட்டணம் 150 டாலரை ஒட்டி வரும், கால் ஸ்டேட்டுக்கு அதில் பாதி. வெளிநாட்டவருக்குக் கட்டண விலக்கு பெரும்பாலும் கிடையாது. நான்கு பிஎச்டி, ஒரு எம்ஏ என்று வைத்தாலே ஆங்கிலத் தேர்வு, டிரான்ஸ்கிரிப்ட், கூரியர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும். பத்து இடத்துக்குப் போடுவதில் அர்த்தமில்லை. இந்தத் துறைக்குப் பத்துப் பொருத்தமான இடம் இருப்பதே சந்தேகம்.

8. உதவித்தொகைக் கடிதத்தைப் படிப்பது எப்படி

வாழ்த்துச் சொல்லும் முதல் பத்தியைத் தாண்டுங்கள். எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம்? கோடை மூன்று மாதத்துக்கு ஊதியம் உண்டா, இல்லை ஒன்பது மாதச் சம்பளமா? மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா? இதெல்லாம் பொதுக் கேள்விகள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இன்னொன்று இருக்கிறது: வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம், மேற்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 15,102 டாலர். அமெரிக்க மாணவர் ஒரு வருடத்தில் அந்த மாநிலவாசி ஆகிவிடுவார். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள் ஆக முடியாது. பிஎச்டியில் தகுதித் தேர்வு முடித்து வேட்பாளர் நிலைக்குப் போனபின் மூன்று ஆண்டு வரை இது தள்ளுபடி. அதற்கு முந்தைய ஆண்டுகளில் யார் கட்டுவது? “முதல் ஆண்டுக்கு மட்டும்” என்று கடிதத்தில் இருந்தால், இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் பதில் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2022 இறுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கே கற்பித்தல் உதவியாளர் ஊதியம் உயர்ந்திருக்கிறது. ஆனாலும் சாந்தா பார்பரா வாடகைக்கு அது பத்தும் பத்தாது. மாணவர் குடியிருப்புக்கு இடம் கிடைத்த அன்றே பதிவு செய்யுங்கள்.

9. ஐ-20, விசா

ஒப்புக்கொண்டதும் பல்கலைக்கழகம் ஐ-20 அனுப்பும். உதவித்தொகை முழுச் செலவையும் மூடாவிட்டால் மீதிக்கு வங்கி இருப்பைக் காட்ட வேண்டும். பிறகு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசாக் கட்டணம் 185 டாலர். சென்னையில் ஒரு நாள் கைரேகை, இன்னொரு நாள் ஜெமினி மேம்பாலம் அருகே துணைத் தூதரகத்தில் நேர்காணல். ஜூன், ஜூலையில் தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஐ-20 வந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள்.

டிஎஸ்-160 படிவத்தில் கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை எழுத வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். குடியேற்றம், எல்லை, தொழிலாளர் உரிமை என்று எழுதிப் பகிர்கிறவர்களே இந்தத் துறைக்கு அதிகம் வருகிறோம். என்ன எழுதியிருக்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. கணக்கை மறைப்பது மட்டும் வேண்டாம், அது பொய்த் தகவலாகிவிடும்.

நேர்காணல் சில நிமிடம்தான். துறைப் பெயரை மட்டும் சொன்னால் அதிகாரிக்குப் புரியாமல் போகலாம். “மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் சமூக வரலாறு படிக்கிறேன், முழு உதவித்தொகை, முடித்ததும் இந்தியாவில் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் திரும்புவேன்” என்பதுபோல, உங்கள் விஷயத்தில் எது உண்மையோ அதை மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். உதவித்தொகைக் கடிதத்தைக் கேட்காமலே கையில் எடுத்து வைத்திருங்கள்.

கையிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கி டிசிஎஸ் என்ற முன்வரி பிடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை.

10. போய் இறங்கியபின்

ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன் நாட்டுக்குள் விடமாட்டார்கள். கால் ஸ்டேட் ஆகஸ்ட் இறுதியிலேயே தொடங்கிவிடும். யுசிஎல்ஏ-வும் சாந்தா பார்பராவும் செப்டம்பர் பின்பாதியில்தான். பயணச்சீட்டை அதற்கேற்ப எடுங்கள். வாடகை முன்பணம் கட்டி, முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க 3,000 டாலராவது கையில் வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதல் ஊதியம் நவம்பர் தொடக்கத்தில்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வேலைக் கடிதம் வந்ததும், சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு மனுப் போடுங்கள். மக்களைப் பேட்டி எடுக்கும் ஆய்வு என்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ரெக்கார்டரை அழுத்தாதீர்கள். ஆவணமில்லாமல் வாழ்கிறவர்களின் பெயரும் முகவரியும் உங்கள் மடிக்கணினியில் இருப்பது அவர்களுக்கு ஆபத்து. இதில் குழு கறாராக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

வருமான வரிக்கு 1040-என்ஆர் படிவம், 8843 படிவம், இரண்டையும் ஏப்ரல் 15-க்குள் அனுப்புங்கள். இந்திய மாணவருக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவில் நிலையான கழிவு உண்டு. மற்ற நாட்டு நண்பரின் படிவத்தைப் பார்த்து நிரப்பினால் அந்தச் சலுகை போய்விடும்.